எதிர்காலத்துக்குப் போட்ட பைப்

ஒட்டுக்கேட்கிற ஆசாமிகளைக் கண்டால் ஆபரேட்டர் அம்மாவுக்குக் குமட்டும். துப்பறிகிறவளுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்று கேட்காதீர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாதி ஆயுசைக் கழித்தவள். ஊரான் வீட்டு ரகசியமெல்லாம் காதோரம் ஓடும். கல்லு மாதிரி உட்கார்ந்து அடுத்த லைனைக் கொடுக்க வேண்டும். “கேக்காம இருக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க” என்பாள். துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் அந்தப் பேரும் போகவில்லை, அந்த அருவருப்பும் போகவில்லை.

இப்போது காரின் பின்சீட்டில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த பெண் சொன்ன கதையும் அந்த ரகம்தான்.

“இன்னொரு தடவை சொல்லும்மா. அழாம சொல்லு.”

“அக்காவுக்கு அந்த வீட்ல இருக்கப் பிடிக்கல மேடம். மாமா கை நீட்டற ஆளில்ல. ஆனா அவ எங்க போனாலும், யாரோட பேசினாலும் குடைஞ்சு குடைஞ்சு கேப்பார். மூச்சு முட்டுதுடின்னு சொல்லுவா. அவ லேப் டெக்னீஷியன். வெளியூர் ஆஸ்பத்திரி ஒண்ணுல வேலை கிடைச்சுது. மாடியில தன் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு எனக்குப் போன் பண்ணி ஆஸ்பத்திரி பேரைச் சொன்னா. மறுநாளே மாமா அங்க போன் பண்ணி, ‘என் பொண்டாட்டிக்குப் புத்தி சரியில்ல, ரத்தத்தையெல்லாம் மாத்தி வெச்சிடுவா’ன்னு சொல்லிட்டார். வேலை போச்சு.”

“ரெண்டாவது?”

“அது நான் தேடிக் குடுத்தது. ஊரு, ஆஸ்பத்திரி எல்லாம் நான்தான் போன்ல சொன்னேன். அக்கா ‘சரிடி, அங்கேயே போயிடறேன்’னு மட்டும் சொன்னா. அன்னைக்குச் சாப்பிடும்போதே மாமா கேட்டாராம், ‘எங்கேயோ கிளம்பறியாமே, எந்த ஊரு?’ன்னு. விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். நான்தான் போட்டுக் குடுத்துட்டேன்னு அக்கா முடிவு பண்ணிட்டா. என் நம்பரையே பிளாக் பண்ணிட்டா.” அழுகை மறுபடி வந்துவிட்டது. “இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள அவ போன் பண்ணி வரேன்னு சொல்லலைன்னா வேற ஆளை எடுத்துடுவாங்க மேடம்.”

ஆபரேட்டர் அம்மா ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தாள். பெரிய வீடு. உயரமான கேட். முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

“போட்டுக் குடுத்தது நீன்னா, அவன் எதுக்கு ‘எந்த ஊரு’ன்னு உன் அக்காகிட்ட கேக்கணும்? ஊர் பேரைச் சொன்னதே நீதானே?”

தங்கைக்காரி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அக்கா வாயில வந்தது அத்தனையும் அவனுக்குத் தெரியுது. உன் வாயில வந்தது ஒண்ணும் தெரியல. போன்ல ஒட்டுக்கேட்டா ரெண்டு பக்கமும் விழும். இவனுக்குப் பாதிதான் விழுது. அப்போ காது போன்ல இல்ல. ரூம்ல இருக்கு.”

“தூ!” என்றது முன்சீட்டு. அது டிஷ். அம்மாவின் உதவியாள். ஒரு காலத்தில் ஊர் முழுக்க மொட்டை மாடி ஏறி டிஷ் ஆன்டெனா மாட்டியவன், பேர் ஒட்டிக்கொண்டது. “பொண்டாட்டி என்ன பேசறான்னு தெரியணும்னா எதிர்ல உக்காந்து கேக்க வேண்டியதுதானே! அதுக்குக் கரெண்டு வேற செலவா?”

“வாயை மூடிக்கிட்டு சட்டையை மாட்டு.”

டிஷ் ஸ்பீக்கர் கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டான். வீட்டுக்காரன் தன் ஹோம் தியேட்டருக்குக் கூரையிலும் ஸ்பீக்கர் வைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தான். அந்தச் சாக்கில் உள்ளே நுழைவதாக ஏற்பாடு. டிஷ் மெக்கானிக், அம்மா டிசைனர்.

“அங்க எங்க அண்ணன் இருப்பான்” என்றாள் தங்கைக்காரி. “சாயந்தரமானா மாமாவோட உக்காந்து படம் பாப்பான். அவன் ஒருத்தன் வந்துபோற தைரியத்துலதான் அக்கா இத்தனை நாள் தாக்குப்பிடிச்சா. உங்களைப் பத்தி அவன்கிட்டயும் நான் சொல்லல.”

“நல்ல காரியம் பண்ணே” என்றபடி அம்மா இறங்கினாள்.

*

தியேட்டர் அறைக்கு ஜன்னலே கிடையாது. கதவைத் திறந்ததும் வெண்ணெய் பாப்கார்னும் பழைய சாக்ஸும் சேர்ந்த ஒரு வாடை வந்து மூஞ்சியில் அப்பியது. அதன்மேல் ரோஜா சென்ட் வேறு அடித்துவைத்திருந்தான் அந்த வீட்டு மகராசன். சுற்றிலும் ஏழு ஸ்பீக்கர். நடுவில் மெத்தை மெத்தையாய் இரண்டு சாய்வு சோபா. ஒன்றில் வீட்டுக்காரன். மற்றதில் மடியில் பாப்கார்ன் கிண்ணத்தோடு அண்ணன்காரன்.

“வாங்க வாங்க” என்று வீட்டுக்காரன் விரலை நக்கிவிட்டு அதே கையால் ரிமோட்டை எடுத்து நீட்டினான். அம்மா தொடவில்லை. டிஷ் கைக்குட்டையால் வாங்கிக்கொண்டான்.

“ஏன்ப்பா, துணியில பிடிக்கற?”

“காஸ்ட்லி ஐட்டம் சார். என் கை அழுக்கு பட்டுடக் கூடாது.”

வீட்டுக்காரனுக்குப் பூரித்துவிட்டது. அப்புறம் அவன் வாயை மூடவே இல்லை.

“வீடு கட்டும்போதே யோசிச்சவன் நான். இன்னைக்கு ஒரு வயர், நாளைக்கு இன்னொரு வயர் வரும். ஒவ்வொரு தடவையும் சுவரை உடைக்க முடியுமா? அதான் இங்கேருந்து மூணு ரூமுக்கும் சுவருக்குள்ள பெரிய பைப்பா காலியா போட்டு வெச்சேன். எதிர்காலத்துக்கு! பைப்புக்குள்ள பச்சை நைலான் கயிறும் விட்டிருக்கு. கயிறு நுனியில புது வயரைக் கட்டி, அந்தப் பக்கம் ஒரு ஆள் இழுத்தா வழுக்கிக்கிட்டு வந்துடும். அந்த மூணு ரூம்லயும் ஒரே இடம்தான். ஜன்னலுக்கு வலது பக்கம், டிவி மாட்டற உயரம். மேல டம்மி பிளேட் போட்டு மூடியிருக்கும். இப்பவும் சரி, இருபது வருஷம் கழிச்சும் சரி, என் சுவத்துல ஒரு கீறல் விழாது.”

“மாப்பிள்ளை மூளை யாருக்கு வரும்” என்று அண்ணன்காரன் ஒரு கை பாப்கார்னை வாயில் போட்டுக்கொண்டான். ஜால்ரா என்றால் அப்படி ஒரு ஜால்ரா.

ஸ்க்ரீனுக்கு அடியில் வரிசையாக மூன்று டம்மி பிளேட் இருந்தன. டிஷ் முதலாவதைக் கழற்றினான். பைப் வாயில் பச்சைக் கயிறு, ஒரு ஆணியில் சுற்றிக் கட்டியிருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தான்.

“அது வேணாம்” என்றான் வீட்டுக்காரன். சட்டென்று குரல் மாறிப்போயிற்று. “அதுல கயிறு கிடையாது. பழைய ஸ்பீக்கர்காரன் விட்டுட்டுப் போயிட்டான். அவன் சரியில்லாத ஆளு, துரத்திட்டேன்.”

“சரிங்க சார். நமக்கெதுக்கு” என்றான் டிஷ். “ஒரு டெமோ பாத்துடலாமா? லைட்டெல்லாம் அணைச்சு, சவுண்டைத் தூக்கி வெச்சு? அப்பத்தான் கூரையில எங்க போடணும்னு தெரியும்.”

கேட்க வேண்டுமா? இருட்டாக்கி, ஏதோ சண்டைப் படத்தைப் போட்டான். கட்டடம் இடிந்தது, குதிரை ஓடியது, எவனோ எவனையோ வெட்டினான். ஆபரேட்டர் அம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். விளக்கு வந்தபோது டிஷ் மூன்றாவது பிளேட்டுக்குப் பக்கத்தில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

“மேடம், அளக்கற டேப் கார்லயே இருக்கு. ஒரு நிமிஷம் வராந்தாவுக்கு வாங்க.”

வராந்தாவில் குரலைத் தாழ்த்திச் சொன்னான். “மூணாவது பைப்புல சன்னமா ஒரு கறுப்பு வயர் வருதும்மா. ஆம்ப்ளிஃபயர் பின்னாடி கடைசி சாக்கெட்ல சொருகியிருக்கு. கயிறு இல்ல. ஆனா ஆணியில கயிறோட முடிச்சு அப்படியே இருக்கு. முதல்ல இருந்திருக்கு, அப்புறம் அறுத்திருக்காங்க.”

“அப்போ ஸ்பீக்கர்காரன் விட்டுட்டுப் போகல.”

“அவனைச் சொல்லாதீங்க. வயர் இழுக்கற எவனும் வயரோட சேத்து ஒரு புதுக் கயிறையும் கட்டி இழுப்பான். இல்லைன்னா அடுத்த தடவை இழுக்கக் கயிறு ஏது? எங்க பழக்கம் அது. தூக்கத்துல இழுக்கச் சொன்னாலும் கை தானா கயிறைத் தேடும். இந்த வயரை இழுத்தவனுக்கு அது தெரியல. எதிர்காலம் எதிர்காலம்னு இவ்வளவு நேரம் தம்பட்டம் அடிச்சுட்டு, இந்தப் பைப்போட எதிர்காலத்துக்குக் கொள்ளி வெச்சுட்டாங்க.”

“வீட்டுக்காரனே இழுத்திருக்கான்.”

“ஒரு ஆளால முடியாதும்மா. ஒருத்தன் இங்கேருந்து வயரை விடணும், ஒருத்தன் மேலே நின்னு இழுக்கணும். மேலே நின்ன புண்ணியவான் யாரு?”

அம்மா அந்த இரண்டாவது ஆளை நினைத்துப் பார்த்தாள். ஒருத்தனுக்குப் பைத்தியம் பிடித்தால் பைத்தியம் என்று விட்டுவிடலாம். கூட நின்று இழுத்துக் கொடுக்க ஒருத்தன் இருக்கிறானே, அவனை எதில் சேர்ப்பது?

திரும்பி உள்ளே போனாள். “சார், மாடி ரூம் தரையைக் கொஞ்சம் பாக்கணும்.”

“அது என் வொய்ஃப் ரூம். அங்க எதுக்கு?”

“மாடியோட தரைதான் சார் உங்க கூரை” என்று டிஷ் குறுக்கே புகுந்தான். “மேலே வீக்கா இருந்தா ஸ்பீக்கர் உங்க தலையில விழும். மேடம் பாத்துட்டு வரட்டும். அதுக்குள்ள அந்தக் குதிரை சீனை இன்னொரு தடவை போடுங்க சார். குதிரை எனக்குப் பின்னாடி வந்த மாதிரியே இருந்துச்சு!”

குதிரை ஓட ஆரம்பித்தது. அம்மா மாடிப்படி ஏறினாள்.

*

அக்காக்காரி கதவைத் திறந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், கலைந்த தலை. அம்மா உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, அவள் கையைப் பிடித்துக் குளியலறைக்குள் அழைத்துப்போய் தண்ணீரைத் திறந்துவிட்டாள். நல்ல குடும்பம் இது! ஒரு பெண் தன் வீட்டில் நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் கக்கூஸுக்குள் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

“உன் தங்கச்சி அனுப்பினா.”

“அவளா? அவ பேச்சை எடுக்காதீங்க.” முகம் இறுகிவிட்டது. “கூடப் பொறந்தவளே காட்டிக் குடுத்துட்டா.”

“ரெண்டாவது வேலை எந்த ஊர்லன்னு உன் புருஷனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியுமா?”

“தெரியாது. தினமும் நோண்டி நோண்டிக் கேக்கறார்.”

“உன் தங்கச்சி சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும் இல்ல?”

தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அக்காக்காரி வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டாள். “ஐயோ” என்றாள் கடைசியில். “அவளை என்னவெல்லாம் பேசினேன் தெரியுமா? செத்தாலும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொன்னேனே.”

“அதை அப்புறம் அழுதுக்கலாம். உன் ரூம்ல ஜன்னலுக்கு வலது பக்கம் ஒரு பிளேட் இருக்கணுமே, எங்க?”

“பிளேட்டா? அங்க கண்ணாடிதான் இருக்கு.”

இருவரும் சத்தமில்லாமல் அறைக்குள் வந்தார்கள். மரச்சட்டம் போட்ட பெரிய கண்ணாடி. அம்மா அதன் கீழ் விளிம்பில் விரலை ஓட்டினாள். பட்டாணி அளவில் ஏதோ தட்டுப்பட்டது. பல்லி எச்சத்தைத் தொட்டவள் மாதிரி கையை உதறினாள். சட்டத்தோடு ஒட்டிவைத்த மைக். அதிலிருந்து ஒரு கறுப்பு வயர் கண்ணாடிக்குப் பின்னால் போயிற்று.

அக்காக்காரி பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண் கட்டிலுக்குப் போயிற்று, அலமாரிக்குப் போயிற்று, தலையணைக்குப் போயிற்று. இந்த அறையில் அழுதது, பாடியது, தூக்கத்தில் உளறியது எல்லாம் அவளுக்கு ஒன்றொன்றாய் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அம்மா கண்ணாடியைச் சுவரிலிருந்து மெதுவாக முன்னால் சாய்த்துப் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். ஓட்டை போட்ட டம்மி பிளேட். அதற்கு மேலே கண்ணாடி தொங்கிய ஆணி. ஆணியில் கண்ணாடியைத் தாங்கி நின்றது பச்சை நைலான் கயிறு.

கீழே ஆணிகளில் சுற்றியிருந்த அதே பச்சை. பைப்புக்குள்ளிருந்து வயரை இழுத்து வந்த கயிறு, கையில் கிடைத்ததும் தூக்கிப் போட மனசில்லாமல் அதிலேயே கண்ணாடியையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான் எவனோ. சிக்கனக்காரன்!

அம்மா அவளை மறுபடி குளியலறைக்குள் இழுத்துப்போனாள்.

“இந்தக் கண்ணாடியை மாட்டினது யாரு? உன் புருஷனா?”

“இல்லையே. அண்ணன்.”

“என்ன?”

“என் பொறந்த நாளுக்கு அண்ணன் வாங்கிட்டு வந்தான். நான் வேலைக்குப் போயிருந்தப்ப அவனே மாட்டிட்டான். வந்து பாத்தா கையெல்லாம் சுண்ணாம்பு. ‘பிடிச்சிருக்கா’ன்னு சிரிச்சான். நான் அவன் கழுத்தைக் கட்டிக்கிட்டு…”

ஆபரேட்டர் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். துரத்தப்பட்ட ஸ்பீக்கர்காரனை யோசித்தாள், வேலைக்காரனை யோசித்தாள், கூலிக்கு மாரடிக்கும் எவனையாவது யோசித்தாள். பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தவனை யோசிக்கவே இல்லை. ரத்த சம்பந்தம் என்றால் இந்த வயசிலும் புத்தி மழுங்கித்தான் போகிறது. தன்மேலேயே வெறுப்பாக இருந்தது அவளுக்கு.

“கயிறு அவன் கையிலதான் இருந்திருக்கு. மேலே நின்னு இழுத்தது உன் அண்ணன்தான்மா.”

அக்காக்காரி அழவில்லை. தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். துண்டால் அழுத்தித் துடைத்தாள். “அவங்க ரெண்டு பேரும் இப்போ கீழே இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“அந்த ஸ்பீக்கர்ல என் குரல் வருமா?”

“வரவைக்கலாம். கீழே படச் சத்தம் நின்னதும் கண்ணாடிகிட்ட நின்னு பேசு.”

“வரவைங்க.”

*

அம்மா தியேட்டர் அறைக்குள் நுழைந்தபோது குதிரை ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ ஓடிக்கொண்டிருந்தது. டிஷ்ஷைப் பார்த்துத் தலையை அசைத்தாள். டிஷ் ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினான். படம் நின்றது. அறை நிசப்தமாயிற்று.

“என்னப்பா பண்ற?” என்று வீட்டுக்காரன் நிமிர்ந்தான்.

“கடைசி சாக்கெட்டை டெஸ்ட் பண்றேன் சார்.”

முதலில் ஒரு மூச்சுச் சத்தம். அறையின் நாலு மூலையிலிருந்தும், பின்னந்தலைக்கு அருகிலிருந்தும்.

“அண்ணா. பாப்கார்ன் நல்லா இருக்கா?”

அண்ணன்காரன் கை கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

“கண்ணாடி அழகா இருக்குன்னு உன் கழுத்தைக் கட்டிக்கிட்டேனே, அப்போ உனக்கு உடம்பு கூசலையா? நான் இங்க அழறதைக் கீழே உக்காந்து ரெண்டு பேரும் தின்னுக்கிட்டே கேட்டீங்களா? இவர் யாரோ வீட்டுப் பிள்ளை. நீ என்னைத் தூக்கி வளத்தவன்டா. சீ!”

“ஆஃப் பண்ணு! டேய், ஆஃப் பண்ணு!” வீட்டுக்காரன் ரிமோட்டுக்குப் பாய்ந்தான். டிஷ் கையை உயரத் தூக்கிக்கொண்டான். மொட்டை மாடியில் ஆன்டெனா பிடித்த கை, அவனுக்கு எட்டுமா?

“என் வீடு. என் வயர். என் பொண்டாட்டி. உங்களுக்கு என்னடா வந்தது?” என்று கத்தினான்.

“அது போலீஸ் கேக்கும், நிதானமா பதில் சொல்லுங்க” என்றாள் அம்மா.

அண்ணன்காரன் முகத்தில் ஈயாடவில்லை. அம்மாவைப் பார்த்துக் கெஞ்சுகிற மாதிரி சிரிக்க வேறு பார்த்தான். “குடும்பம் உடையக் கூடாதுன்னுதான் மேடம். எனக்கும் பொண்ணு இருக்கா. இடம் பாத்துக்கிட்டு இருக்கேன். அத்தை புருஷனை விட்டுட்டு வந்தவன்னு பேச்சு வந்தா… நல்லதுக்குத்தான்…”

வெண்ணெய் மினுங்கும் அந்த உதடு அசைவதை ஆபரேட்டர் அம்மாவால் பார்க்க முடியவில்லை. திருடனோடு பேசியிருக்கிறாள், கொலைகாரனோடு பேசியிருக்கிறாள். நல்லதுக்குத்தான் என்று சொல்கிறவனோடு பேச அவளுக்கு நாக்கு எழவில்லை.

ஸ்பீக்கரில் பெட்டியின் ஜிப் இழுபட்டது. மறுபடி குரல்.

“நான் போறேன். எந்த ஊருன்னு போன்ல சொன்னது தங்கச்சிதான், என் வாயால நான் சொல்லல. அதனால உங்க ரெண்டு பேருக்கும் எப்பவும் தெரியாது.”

பிறகு பலமாக ஒரு உடைசல். கண்ணாடி நொறுங்கியது ஏழு ஸ்பீக்கரிலும் கேட்டது. அதன் பிறகு ஒன்றுமில்லை. வீட்டுக்காரன் கதவுக்கு ஓடினான். கதவில் டிஷ் நின்றான்.

“எங்க சார் அவசரம்? குதிரை சீன் பாக்கி இருக்கு.”

வாசலில் கேட் திறந்து மூடுகிற சத்தம் வரும்வரை அவன் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

*

அம்மாவும் டிஷ்ஷும் வந்து சேர்ந்தபோது காரின் பின்சீட்டில் அக்காவும் தங்கையும் இரண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெட்டி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. டிஷ் வண்டியை எடுத்தான்.

தெருவைத் தாண்டியதும் தங்கைக்காரி தன் போனில் நம்பரைப் போட்டு, பெட்டிக்கு மேலாக நீட்டினாள். அக்காக்காரி வாங்கிக்கொண்டாள். முந்தானையை இழுத்து வாயை மறைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி, குனிந்து, ஏதோ முணுமுணுத்தாள். பக்கத்தில் இருந்தவர்களுக்கே விழவில்லை.

“ஹலோ? ஹலோ? ஒண்ணும் கேக்கலைங்களே” என்றது மறுமுனை. “கொஞ்சம் சத்தமா பேசறீங்களா?”

அவள் திகைத்துப்போய் தங்கையைப் பார்த்தாள். தங்கைக்காரி பெட்டியைத் தூக்கிக் காலடியில் போட்டுவிட்டு நெருங்கி உட்கார்ந்து, அக்காவின் வாயிலிருந்து அந்த முந்தானையை எடுத்துவிட்டாள்.

“சத்தமாவே சொல்லுக்கா.”

“வரேன்!” என்றாள் அக்காக்காரி. சிக்னலில் நின்ற ஸ்கூட்டர்காரன் திரும்பிப் பார்த்தான். “நாளைக்கே வரேன்!”